பகல் பன்னிரண்டரைக்கு நேரில் பார்வையிட்டேன்

நீர்விசை உரிமம் எண் ஒன்று காலாவதியாக இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அரிகிருஷ்ணனின் தற்காலிக வேலையும் அதே தேதியில்தான் காலாவதி.

"முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள இந்த தொசியேவை முடிச்சுடணும்," என்று சொல்லி, பழுப்பேறிய காகிதக் கட்டு ஒன்றை அவன் மேசையில் தொப்பென்று போட்டார் ஹெட்கிளார்க் நாராயணசாமி. "முடிச்சா பர்மனென்ட் ஆர்டர். முடிக்கலன்னா விழுப்புரம் ரயிலு."

தொசியே என்றால் கோப்பு. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டி ஆறு வருஷமாகியும் புதுச்சேரி ஆபீசுகளில் கோப்பு மட்டும் தொசியேவாகவே இருந்தது. விழுப்புரத்திலிருந்து வந்து ஒரு வருஷமே ஆன அரிகிருஷ்ணனுக்கு அது ஏதோ பலகாரத்தின் பெயர் மாதிரி கேட்கும். ஆனால் பர்மனென்ட் என்ற வார்த்தை நன்றாகப் புரிந்தது. முத்தியால்பேட்டை சக்கரபாணி, "வேலை நிலைக்கட்டும், அப்புறம் நிச்சயதார்த்தம்" என்று சொல்லி, தன் மகள் கமலாவின் ஜாதகத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீர்விசையாம், உரிமமாம்! புதுச்சேரியில் மலை இருக்கிறதா, அருவி இருக்கிறதா? ஊரே தோசைக்கல் மாதிரி தட்டை. இருந்தாலும் சாரம் கிராமத்துக்கு மேற்கே ஏரி வாய்க்கால் மதகில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் விழும் ஓர் இடம் உண்டு. 1930-ல் தனிஸ்லாஸ் என்பவர் அங்கே ஒரு சக்கரத்தை வைத்து, டைனமோ பூட்டி, ஒரு மாவு மிஷின் ஓட்டவும் ஆறு பல்பு எரிக்கவும் பிரெஞ்சு சர்க்காரிடம் முப்பது வருஷத்துக்கு உரிமம் வாங்கினார். அதுதான் எண் ஒன்று. எண் இரண்டை வாங்க அதற்கப்புறம் யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது புது சர்க்கார் சொல்லிவிட்டது. உரிமதாரர் மூன்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதிகாரி நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். இல்லையென்றால் சக்கரத்துக்கு அரக்கு சீல்.

"எப்ப சார் போறது? ஆபீசு நேரத்துல நான் கவுன்ட்டரை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"அது உன் பாடு," என்று சொல்லிவிட்டு நாராயணசாமி குடையை எடுத்தார். மணி பன்னிரண்டு அடித்தது.

பன்னிரண்டு அடித்தால் புதுச்சேரி செத்துவிடும். மறுபடி உயிர் வர மூன்று மணியாகும். கடை, ஆபீசு, கோர்ட்டு எல்லாம் சாத்தி, ஊரே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான்களில் ஊர் பத்திரமாகக் காப்பாற்றி வந்தது அந்த மூன்று மணி நேரத்தைத்தான். அரிகிருஷ்ணனுக்குப் பகல் தூக்கம் பழக்கமில்லை. சோத்தைத் தியாகம் செய்துவிட்டு ஆபீசு சைக்கிளில் ஏறினான்.

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தன. சைக்கிள் செயினின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து, பின்னால் இன்னொருவன் ஓட்டிக்கொண்டு வருவதுபோலக் கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். சாரம் தாண்டியதும் கரை குறுகிப்போக, சைக்கிளைப் பனையில் சாத்திவிட்டு நடந்தான். பங்குனி வெயில் நேர் உச்சியில் நின்றதால் காலடியில் நிழல்கூடத் துணைக்கு இல்லை.

மதகையொட்டி ஓட்டுக்கூரை போட்ட மிஷின் கொட்டகை, அதை ஒட்டியே வீடு. சக்கரம் அசையாமல் நின்றது. பாசி பிடித்த பலகைகளிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"தனிஸ்லாஸ்!"

கதவருகே போனான்.

"தனிஸ்லாஸ்! வீட்ல யாரு?"

கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கதவிடுக்கில் ஒரு கண். அவன் பார்த்ததும் அது மறைந்துவிட்டது.

"தனிஸ்லாஸ்!" என்று மூன்றாம் முறை கூப்பிட்டான்.

சக்கரம் கிரீச்சிட்டது. யாரும் தொடவில்லை. ஒரு பலகை இறங்கியது, அடுத்தது இறங்கியது, முழுச் சக்கரமும் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. கொட்டகைக்குள் ஒரு பல்பு பட்டப்பகலில் மினுக்கென்று எரிந்தது.

சைக்கிளில் எப்படி ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது.

"ஆளைப் பார்க்கல சார்," என்று மூன்று மணிக்கு வந்து சொன்னான்.

"பார்க்காம ஏன் வந்தே? நாளைக்கும் போ. மூஞ்சி ஏன் இப்படிக் கருகிக் கெடக்கு? பாவாடை! இவனுக்கு ஒரு தொப்பி கிப்பி இருந்தா குடு."

பியூன் பாவாடை பதிவேட்டு அறைக்குள் போய், ஆணியில் தொங்கிய ஒரு சோலா தொப்பியையும் வெள்ளைக் கோட்டையும் தட்டிக் கொண்டுவந்தான். "ஆபீசு சொத்து சார். முப்பதாம் வருஷத்துல இருந்து யாரும் எடுக்கல. வெயில்ல போறவங்க இருந்தாதானே!"

"யாரோடது?"

"யாரோ பழைய ஆபீசரு. கழட்டி வெச்சவரு திரும்ப வாங்க வரலியாம்."

கோட்டு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. அது நல்ல சகுனம் என்று நினைத்தான் மடையன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குத் தொப்பியும் கோட்டுமாகக் கரையில் வந்து நின்றான். இந்தத் தடவை சக்கரம் முன்கூட்டியே சுற்றிக்கொண்டிருந்தது. கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஈ, காக்காய் இல்லை. பல்பு எரிந்தது. மாவு தூவிய தரையில் காலடிகள் உள்பக்கமாகப் போயிருந்தன, வெளியே வரவில்லை. மேசைமேல் உரிமதாரர் தினமும் நீர்மட்டம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு. இன்றைய தேதி, நீர்மட்டம், கீழே வளைத்து வளைத்து 'தனிஸ்லாஸ்'. தொட்டான். மை விரலில் ஒட்டியது.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அரிகிருஷ்ணனுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கதவைப் பார்த்து வாய்விட்டே பேசினான்.

"நீங்க உள்ள இருக்கிறது எனக்குத் தெரியும்! முப்பது வருஷ விஷயம் இது. இதை முடிக்காம எனக்கு நிம்மதி கெடையாது. முடிச்சாத்தான் எனக்கு ஒரு கதி பொறக்கும். இந்த மூணு பேப்பர்லயும் கையெழுத்து வேணும். நாளன்னிக்கு இதே நேரம் வருவேன். கெடைக்கிற வரைக்கும் தினம் வருவேன்!"

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அப்புறம் பெண் குரலில் மெல்லிய முணுமுணுப்பு, ஜெபம் சொல்வது போல. படிவங்களைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

அன்று சாயங்காலம் அவன் செய்த காரியத்தைத்தான் புத்திசாலித்தனம் என்று அவன் நினைத்தான். ஆள் வீடு மாறிவிட்டாரோ என்று விலாசம் கேட்டு மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்தின் ஜனன மரணப் பதிவுக்கு ஒரு கடிதம் போட்டான். வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. ஒரே வரி. 'மேற்படி தனிஸ்லாஸ் 1951 ஆகஸ்டு மாதம் காலமாகி, சாரத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.'

அரிகிருஷ்ணன் தன் விரலைப் பார்த்தான். நேற்று முன்தினம் ஒட்டிய மை நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு தொசியேவைப் பிரித்தான். ஒவ்வொரு வருஷமும் ஒரு சோதனை ரிப்போர்ட். எல்லாம் நாராயணசாமியின் முத்தான எழுத்து. '1952. பகல் 12.30-க்கு நேரில் பார்வையிட்டேன். சக்கரம் நலம். உரிமதாரர் நலம்.' '1955. பகல் 12.30-க்கு நேரில் பார்வையிட்டேன். உரிமதாரர் முன்பைவிடத் தெம்பாக உள்ளார்.' '1959. நேரில் பார்வையிட்டேன். உரிமதாரருடன் நெடுநேரம் உரையாடினேன்.'

செத்து எட்டு வருஷம் கழித்து நெடுநேரம் உரையாடல்! முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல இருந்தது. எழுந்து ஹெட்கிளார்க் மேசைக்குப் போனான்.

"சார், போன வருஷம் நீங்க அந்த தனிஸ்லாசைப் பார்த்தீங்களா? கண்ணால?"

நாராயணசாமி மூக்குப்பொடி டப்பியை மூடினார். "பின்ன மூக்காலயா? நல்லா பேசிக்கிட்டிருந்தோமே. காபி குடுத்தாரு."

"குடிச்சீங்களா சார்?"

"குடிக்காம? கொஞ்சம் ஆறிப்போயிருந்துச்சு. ஏன்டா?"

"ஒண்ணுமில்ல சார்."

மேரியின் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையின் அடியில் சொருகினான். பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் இன்று போய்த்தான் ஆக வேண்டும். வருவேன் என்று வாய் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தது யாருக்கு என்பதுதான் இப்போது கேள்வி. மணி பன்னிரண்டு அடித்தது. ஊர் செத்தது. அவன் தொப்பியை மாட்டினான்.

மதகில் காற்று இல்லை. காக்காய் இல்லை. சக்கரம் மட்டும் சுற்றியது. கல்லின்மேல் தலைவாழை இலை போட்டு, ஆவி பறக்கச் சோறு, வஞ்சிரக் குழம்பு, இரண்டு வறுத்த துண்டு, வடை. பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் சாராயம், ஒரு சுருட்டு. ஆள் இல்லை.

பயந்தவன் ஓடியிருக்க வேண்டும். ஆனால் நாலு நாளில் மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு இல்லாத வயிறு அது. பயத்தையும் பசியையும் ஒரே வயிற்றில் வைத்தால் பசிதான் ஜெயிக்கிறது. யாரோ நல்ல மனசுக்காரர்கள், கூச்சப்பட்டு வெளியே வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தேங்காய்த்திட்டுத் துறை மீன், காலையில் ஏலம் எடுத்திருப்பார்கள், அப்படி ஒரு ருசி. சாராயத்தைத் தொடவில்லை. முதல் கவளம் வாய்க்குள் போனதும் மூடிய ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் விட்ட பெருமூச்சு கேட்டது. அவனுக்குக் குழம்பு புரையேறியது.

இலையை மடித்தபோதுதான் அதன் கீழே படிவங்கள் தெரிந்தன. மூன்றிலும் கையெழுத்து. வேப்பிலைக் கொத்து ஒன்று கட்டி, பக்கத்தில் எரிந்து முடிந்த மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். தொசியேவில் 1930-ல் போட்ட கையெழுத்தும் இதுவும் ஒரு சுழி பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"ரொம்ப நன்றிங்க," என்று காற்றைப் பார்த்துக் கும்பிட்டான். "இனிமே நான் வரவேண்டியதில்ல. எனக்குக் கதி கெடைச்சுடுச்சு."

உள்ளே ஒரு பெண் விம்மி அழுதாள். அரிகிருஷ்ணன் கை கழுவக்கூட நிற்காமல் ஓடினான்.

ரிப்போர்ட் எழுதுவது எளிதாக இருந்தது. ஹெட்கிளார்க்கின் போன வருஷத்து ரிப்போர்ட்டை எதிரில் வைத்துக்கொண்டு அப்படியே எழுதினான். 'பகல் 12.30-க்கு நேரில் பார்வையிட்டேன். உரிமதாரரை நேரில் கண்டு கையெழுத்துப் பெற்றேன். நலமாக உள்ளார்.' செத்தவரை நலம் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதியிருக்கிறோம், இது வெளியே வந்தால் பர்மனென்ட் இல்லை, கமலா இல்லை, விழுப்புரத்தில் தலைகாட்டவும் முடியாது என்று மூன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி. பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகி, பெரிய அதிகாரியின் முத்திரைக்காக அவர் பங்களாவில் இருந்தது. "மத்தியானமே போய் வாங்கிட்டு வா. நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது," என்று நாராயணசாமியே அனுப்பினார். தொப்பியும் கோட்டுமாகப் போய், ஆர்டரை வாங்கிக்கொண்டு அரிகிருஷ்ணன் திரும்பும்போது மணி மூன்றேகால். ஆபீசின் அரைக்கதவைத் தள்ளப் போனவன் உள்ளே பேச்சுக்குரல் கேட்டு நின்றான்.

"நாந்தாங்க ரோசா. மதகுல மாவு மிஷின் வெச்சிருக்கிற தனிஸ்லாசு சம்சாரம். இது எங்க மிஷின்ல வேலை செய்யிற சின்னப்பொண்ணு," என்றது ஒரு பெண் குரல். ஜெபம் முணுமுணுத்த அதே குரல். ஐயா என்பதை அது பிரெஞ்சு வழக்கப்படி முசே என்றது. "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம் முசே. லைசென்சு எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு நாள்ல வரும்மா."

"அந்த ஐயாவுக்கு மனசு ஆறிடுச்சுங்களா? கோயில்ல ஒரு பூசை குடுத்திருக்கோம். இனிமே அவரு வராம நீங்கதான் பார்த்துக்கணும்."

"வரமாட்டான். வேலை முடிஞ்சுது."

"மொத நாளு உச்சி வேளையில மூணு தடவை பேரைக் கூப்பிட்டதும் நான்தான் பயந்துபோயி உள்ளேர்ந்து மடைப்பலகையைத் தூக்கிட்டேன்," என்றது இன்னொரு குரல், கொஞ்சம் வயதானது. அதுதான் சின்னப்பொண்ணு. "சக்கரம் ஓடுறதைப் பார்த்தா அவரு கோவம் தணியுமேன்னு."

அரிகிருஷ்ணனுக்கு உயிர் வந்தது. சக்கரத்தைச் சுற்றவிட்டது ஒரு பொம்பளை! அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. தபால் கட்டோடு பாவாடை பின்கதவு வழியாக வந்து ஹெட்கிளார்க் மேசையில் வைத்தான். மேலே இருந்தது மேரிக் கட்டடத்துக் கடிதத்தின் நகல். ஹெட்கிளார்க்குக்குத் தனியாக ஒரு நகல் அனுப்புவது அவர்கள் வழக்கம். தாமதமாக அனுப்புவதும் வழக்கம்.

நாராயணசாமி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, உன் புருஷன் எங்க?"

உள்ளே ரோசா அழுகிற சத்தம் கேட்டது.

"அவரு போயி ஒம்போது வருஷம் ஆவுது முசே. பேரு மாத்தக் கேட்டா சக்கரத்துக்கு சீல் வெச்சுடுவாங்கன்னு சொன்னாங்க. மூணு பொட்டப்புள்ளைங்க. அந்த மிஷின்தான் சோறு. நோட்டுல தினம் அவரு கையெழுத்தை நான்தான் போட்டுக்கிட்டு வர்றேன்."

"செத்தவர் கையெழுத்தைக் கவர்மென்ட் பேப்பர்ல போட்டியா! ஜெயிலு தெரியுமா? அந்த அரிகிருஷ்ணன் பய 'நேர்ல கண்டேன், நலமா இருக்காரு'ன்னு எழுதிக் குடுத்திருக்கான் பாரு! பொய் ரிப்போர்ட்டு! முப்பது வருஷ சர்வீசுல இப்படி ஒரு அயோக்கியத்தனத்தை நான் பார்த்ததில்ல. வரட்டும். அந்த ஆர்டரை நானே கிழிக்கிறேன். உன் சக்கரத்துக்கு இன்னிக்கே அரக்கு!"

அரிகிருஷ்ணனின் கையிலிருந்த ஆர்டர் வேர்வையில் நனைந்தது. ஓடிவிடலாமா என்று யோசிப்பதற்குள் அரைக்கதவுக்கு மேலே தெரிந்த தொப்பியை நாராயணசாமி பார்த்துவிட்டார்.

"அங்க என்னடா ஒளிஞ்சு நிக்கிறே? உள்ள வாடா!"

வந்தான். தொப்பியைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ரோசா அவனைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினாள். சின்னப்பொண்ணு தடாலென்று அவன் காலில் விழுந்தாள்.

"ஏய் கெழவி, எழுந்திரு!" என்று மேசையைத் தட்டினார் நாராயணசாமி. "பதிலைச் சொல்லு. செத்தவர் கையெழுத்தை ஒரு ஆபீசருக்குப் போட்டுக் குடுக்க உங்களுக்கு என்ன தைரியம்?"

சின்னப்பொண்ணு தலையைத் தூக்காமலே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கேட்டு வந்தவரும் செத்தவருதானே முசே? சக்கரம் வெச்ச அன்னிக்குப் பகல் பன்னண்டரைக்கு இதே தொப்பியைக் கரையில கழட்டி வெச்சுட்டு மதகுல எறங்கினவரு, பொணமாத்தானே மேல வந்தாரு! அதுக்கப்புறம் இந்த முப்பது வருஷத்துல உசுரோட இருக்கிற ஆபீசரு ஒருத்தருகூட அங்க வந்ததே இல்லீங்களே!"